புழு உதிரும் மரத்தடியில்: கம்பளிப்புழு ஃபிளை கொண்டு வெதுநீர் மீன் பிடிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பளிப்புழு ஃபிளை என்பது என்ன? சாதாரணத் தூண்டிலிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

உயிருள்ள இரையை முள்ளில் குத்தாமல், இறகு, முடி, நூல், ஃபோம் ஆகியவற்றை முள்ளின் மேல் கட்டி ஒரு பூச்சியின் தோற்றத்தைக் கொண்டுவந்தால் அது ஃபிளை. ஈயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெட்டுக்கிளி, எறும்பு, சிறுமீன், தவளை எல்லாவற்றுக்கும் ஃபிளை உண்டு. இங்கே நாம் பேசுவது மரத்திலிருந்து தண்ணீரில் விழும் புழுக்களைப் போலக் கட்டிய ஃபிளைகளைப் பற்றி.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிளை வீச்சில் இது தலைகீழ்: கனம் லைனில், அதாவது தடித்த வீச்சுக்கயிற்றில், இருக்கிறது, அந்த லைன்தான் ஃபிளையைக் கொண்டுபோய் இறக்குகிறது. ஃபிளையில் எடை ஏற்றத் தேவையில்லாததால், உண்மையான புழு விழும் அதே மென்மையோடும் அதே நிதானத்தோடும் அதை இறக்க முடிகிறது. புழுப் போன்ற ஃபிளையால் மீன் பிடிக்க இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து வேறில்லை.

வெதுநீர் மீன்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

டிரவுட் போன்ற மீன்கள் குளிர்ந்த நீரைத் தேடுபவை. அதற்கு மாறாக, கோடையில் வெதுவெதுப்பாகும் குளங்களிலும் ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் செழித்து வாழ்பவை வெதுநீர் மீன்கள். புளூகில் உள்ளிட்ட சூரியமீன்கள், லார்ஜ்மவுத் பாஸ், கெண்டை, புல் கெண்டை, கெளுத்தி, திலாப்பியா எல்லாம் இதில் அடங்கும். ஐரோப்பிய ஆறுகளில் வாழும் சப் என்ற மீனும் மரக்கிளைகளுக்கு அடியில் நின்று மேலிருந்து விழுவதை உண்பதில் பேர்பெற்றது.

மீன்கள் உண்மையிலேயே கம்பளிப்புழுவைத் தின்கின்றனவா?

தின்கின்றன, விரும்பியே தின்கின்றன. ஒரு புழுவின் உடல் பெரும்பாலும் மென்மையான சதையும் கொழுப்பும்தான். வண்டைப் போலக் கடினமான ஓடு இல்லை, தும்பியைப் போலப் பறந்து தப்பவும் முடியாது. துரத்தாமல் கிடைக்கும் முழு உணவு அது.

இதற்கு நன்றாக அறியப்பட்ட சான்று அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள கடால்பா மரப்புழு. கடால்பா அந்துப்பூச்சியின் புழுக்கள் கடால்பா மர இலைகளை மட்டுமே தின்று சுமார் 75 மி.மீ. வரை வளரும். கருப்பும் மஞ்சளுமாக, பின்புறம் ஒரு கொம்போடு இருக்கும். அவற்றுக்காகவே அந்த மரத்தை நட்டு வளர்க்கும் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. கெளுத்தியும் புளூகிலும் அந்தப் புழுவை விடுவதே இல்லை.

எந்த இடத்தில் தொடங்க வேண்டும்?

தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் மரத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஃபிளை வீசுபவர்களில் பெரும்பாலோர் கரைக்கு வந்தவுடன் நீர்ப்பரப்பில் வட்டங்கள் எழுகின்றனவா என்று தேடுகிறார்கள். புழுவைப் பொறுத்தவரை செய்தி தண்ணீரில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது. இலைகளின் ஓரம் அரைவட்டமாகக் கடிபட்டிருக்கிறதா, நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். கிளை நுனியில் வலைபோன்ற கூடு இருந்தால் அதற்குள் நூற்றுக்கணக்கில் புழுக்கள் இருக்கலாம். பட்டிழையில் தொங்கும் சிறு பச்சைப் புழுக்கள் சாய்வான வெயிலில் நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் புழுவின் எச்சம். நிறையப் புழு உள்ள மரத்தடியில் கடுகளவிலிருந்து மிளகளவு வரை கரும்பச்சை உருண்டைகள் கொட்டிக் கிடக்கும். கரையில் ஒரு பாறையோ ஈரமான சேறோ இருந்தால் அதில் பாருங்கள். அந்த உருண்டைகள் புதிதாக, ஈரம் காயாமல் இருந்தால், மேலே இப்போது உணவு வேளை நடக்கிறது என்று பொருள். அவற்றின் அளவு புழுவின் அளவையும் சொல்லிவிடுகிறது. கடுகளவு எச்சமிடும் புழுவுக்கு 10 அல்லது 12-ஆம் எண் முள் போதும் (எண் கூடக் கூட முள் சிறிதாகும்). மிளகளவு என்றால் பெரிய கொம்புப் புழுவாக இருக்கலாம், 4 அல்லது 6-ஆம் எண் நீளத் தண்டு முள்ளை எடுக்கலாம்.

அதே எச்சம் நீரிலும் விழுகிறது. ஒன்று விழுந்தவுடன் ஒரு சிறிய மீன் ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்புவதைக் கண்டால், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

புழுக்கள் எப்போது அதிகம் விழும்?

மூன்று காரணங்களால் விழுகின்றன. முதலாவது காற்றும் மழையும். அசையும் கிளை புழுக்களை உதறிவிடுகிறது. காற்று அடித்தால் வீசுவது கடினம் என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். புழு ஃபிளைக்கு அதுதான் நல்ல நாள், மரம் காற்று வரும் திசையில் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது எதிரிகள். பறவையோ குளவியோ நெருங்கினால், முதுகை வளைத்து வளைத்து நகரும் காவடிப் புழுக்கள் சட்டென்று பட்டிழையில் கீழே இறங்கித் தொங்கும். ஆபத்து நீங்கியதும் இழையைப் பற்றி மேலே ஏறும். நீருக்குச் சற்று மேலே தொங்கும்போது ஓர் அலையோ ஒரு துள்ளும் மீனோ போதும்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. புழு தன் வாழ்நாள் உணவில் பெரும்பகுதியைக் கடைசி வளர்ச்சிப் பருவத்தில்தான் தின்கிறது. தின்று முடித்ததும் கூட்டுப்புழுவாக மாற இடம் தேடி அலையும். கொம்புப் புழுக்களில் பல மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகும், அதனால் மரத்திலிருந்து கீழே இறங்கியே ஆக வேண்டும். கிளை நீருக்கு மேல் நீண்டிருந்தால் அந்தப் பயணம் மீனின் வாயில் முடிகிறது. ஆகவே மரம் பாதி மொட்டையாகத் தெரியும் நாட்கள்தான் பெரிய புழுக்கள் பெரிய எண்ணிக்கையில் விழும் நாட்கள்.

பருவம் என்று பார்த்தால், புதுத்தளிர் விட்டுச் சில வாரங்கள் ஆனதும் சிறு பச்சைப் புழுக்களின் காலம் தொடங்கும். கோடையின் பிற்பகுதி வலைக்கூட்டுப் புழுக்களுக்கு உரியது. குளிர்காலம் உள்ள நாடுகளில் இலையுதிர் காலத்தில், இரு முனையும் கருப்பும் நடுவில் செம்பழுப்பும் கொண்ட முடிப்புழுக்கள் குளிர்காலத்தைக் கழிக்க இடம் தேடித் தரையில் அலைவதைக் காணலாம்.

நாளின் எந்த நேரம் நல்லது?

அதிகாலையும் அந்தியும் எல்லா மீனுக்கும் நல்லவைதான். ஆனால் மரநிழல் உள்ள கரையில் உச்சிவெயில் நேரத்தையும் தள்ளிவிட வேண்டாம். வெயில் ஏறும்போது மீன்கள் நிழலுக்குள் ஒதுங்குகின்றன, அந்த நிழலுக்கு மேலேதான் புழுக்கள் இருக்கின்றன.

ஃபிளையை வீசிய பிறகு எப்படி இழுப்பது?

இழுக்க வேண்டாம்.

இதை நம்ப வைப்பதுதான் மிகக் கடினமான வேலை. வெதுநீர் மீன் பிடிப்பவர்கள் பலர் பாஸ் மீனுக்கான ஓசை எழுப்பும் மிதவைகளோடும் சிறுமீன் போன்ற ஃபிளைகளோடும் தொடங்கியவர்கள். கை சும்மா இருக்காது. விழுந்த மறுகணமே லைனை இழுப்பார்கள். புழுவுக்கு நீந்தத் தெரியாது. விழும், சற்று மிதக்கும், உடலை இப்படியும் அப்படியும் வளைக்கும், நனைந்து மெதுவாக அமிழும். கரையை நோக்கி விரையும் புழுவை எந்த மீனும் தன் வாழ்நாளில் பார்த்திருக்காது.

ஆகவே முறை இதுதான். ஃபிளை நீரில் சற்றே 'டப்' என்று விழட்டும். மற்ற ஃபிளைகளுக்கு ஓசையில்லாமல் இறங்குவது அழகு. புழுவுக்கு அந்தச் சிறு ஓசைதான் அழைப்புமணி. விழுந்த வட்டங்கள் அடங்கும் வரை தொடாதீர்கள். பிறகும் தொடாதீர்கள். புளூகில் அருகில் வந்து, அசையாமல் நின்று, சில வினாடிகள் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் உறிஞ்சும். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து இழுத்தால் அது திரும்பிவிடும். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை என்றால் தூண்டில் கோலின் நுனியை மிக மெல்ல நடுங்கச் செய்யலாம். ஃபிளை இடம் பெயரக் கூடாது, அதன் இறகுகள் மட்டும் அசைய வேண்டும். அதற்குப் பிறகும் மீன் வரவில்லை என்றால் எடுத்து, ஒரு முழம் தள்ளி மறுபடியும் போடுங்கள்.

அமிழும் ஃபிளையில் மீன் எடுத்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. லைனின் நுனி நீரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அது நின்றாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், சற்று வேகமாக அமிழ்ந்தாலும் கோலை மெல்ல உயர்த்த வேண்டும்.

மிதக்கும் ஃபிளையா, அமிழும் ஃபிளையா?

இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் நான் மெதுவாக அமிழ்வதையே எடுப்பேன். பெரிய மீன்கள் மேற்பரப்புக்கு வந்து சிறுமீன்களோடு போட்டியிடாமல், ஓரிரு அடி ஆழத்தில் நின்று மேலே தவறவிட்டதை எடுத்துக்கொள்கின்றன.

இரண்டையும் சேர்த்தும் பயன்படுத்தலாம். ஃபோமால் செய்த மிதக்கும் புழுவின் முள் வளைவில் சுமார் 45 செ.மீ. டிப்பெட்டை, அதாவது மெல்லிய முனை நரம்பை, கட்டி, அதன் முனையில் அமிழும் சிறு பச்சைப் புழுவைக் கட்டுங்கள். மேலே உள்ளது தக்கையாகவும் இருக்கும், மீனைப் பிடிக்கவும் செய்யும். கிளைகள் நெருக்கமான இடத்தில் மட்டும் இரட்டை ஃபிளை வேண்டாம், சிக்கலும் இரட்டிப்பாகும்.

வீட்டில் நானே கட்ட முடியுமா?

தாராளமாக. ஃபிளை கட்டப் பழகுபவர்களுக்குப் புழுவைவிட எளிய தொடக்கம் இல்லை.

முடிப்புழுவுக்கு 8 அல்லது 10-ஆம் எண் நீளத் தண்டு முள்ளை வைஸ் என்ற பிடிகருவியில் பொருத்திக்கொள்ளுங்கள். தண்டு முழுவதும் நூல் சுற்றி அடித்தளம் போடுங்கள். வளைவுக்கு அருகே ஒரு சேவலின் கழுத்திறகை அதன் நுனிப்பக்கமாகக் கட்டுங்கள். அங்கேயே செனில் என்ற பஞ்சுபோன்ற தடித்த நூலின் முனையையும் கட்டி, செனிலை முள்ளின் காது (நரம்பு கட்டும் துளை) வரை நெருக்கமாகச் சுற்றி நிறுத்துங்கள். பிறகு இறகைத் திருகுசுருளாக, சுற்றுக்கு இடையே சிறிது இடைவெளி விட்டு, காது வரை கொண்டுவந்து கட்டி முடிச்சிடுங்கள். இவ்வளவுதான். அந்த இறகிழைகள் புழுவின் முடிகளாகவும் கால்களாகவும் தெரியும், கோலின் சிறு நடுக்கத்திலும் உயிருள்ளதுபோல அசையும். தலைமுறைகளாக மீன் பிடித்துவரும் வூலி வொர்ம் என்ற ஃபிளையின் அடிப்படை இதுவே.

காவடிப் புழுவுக்கு இறகே தேவையில்லை. இளம்பச்சை மெல்லிய செனில் துண்டை முள்ளின் மேல் நீளவாக்கில் வைத்து, இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நூலால் கட்டினால் போதும். நடுவில் சற்றுத் தளர்த்திக் கட்டினால் முதுகு வளைந்து நிற்கும். வெட்டிய முனைகளைத் தீயின் அருகே ஒரு கணம் காட்டினால் பிரியாமல் கூம்பிவிடும்.

மிதப்பதற்கு நீரை உறிஞ்சாத 2 மி.மீ. ஃபோம் தகட்டை நீண்ட பட்டையாக வெட்டி, முள்ளின் மேல் வைத்து நூலால் கண்டம் கண்டமாக இறுக்குங்கள். நூலுக்கு அடியில் ஒரு துளி பசை இட்டால் ஃபோம் முள்ளைச் சுற்றித் திரும்பாது. மான்முடியிலும் அழகான மிதக்கும் புழு செய்யலாம், ஆனால் புளூகில்களின் வாயில் ஃபோம் அளவுக்கு அது உழைக்காது.

எந்த நிறம்?

மேலே உள்ள மரத்தில் இருக்கும் நிறம். தெரியாவிட்டால் இளம்பச்சை, அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் கருப்பு. கீழிருந்து வானத்தை நோக்கிப் பார்க்கும் மீனுக்கு மிதக்கும் எந்தப் புழுவும் முதலில் ஒரு நிழலுருவம்தான். அதனால் நிறத்தைவிட நீளத்துக்கும் பருமனுக்கும் அதிகக் கவனம் கொடுங்கள்.

வூலி பக்கர் இருந்தால் போதாதா?

அது அருமையான ஃபிளை, ஆனால் வேறு வேலைக்கானது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் உருவாக்கியது. ஆற்றுக் கற்களுக்கு அடியில் வாழும் டாப்சன் பூச்சியின் இளம்புழுவை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. நீளமான மராபூ இறகு வால் அதன் உயிர். இழுக்கும்போதுதான் அந்த வால் துடிக்கும். நாமோ இழுக்காமல் பிடிக்கப் பார்க்கிறோம். அவசரத்துக்கு அதன் வாலைக் குட்டையாகக் கிள்ளிவிட்டுப் புழுவாகப் பயன்படுத்தலாம்.

கோல், லைன், நரம்பு எப்படி இருக்க வேண்டும்?

புளூகிலுக்கும் திலாப்பியாவுக்கும் 3 அல்லது 4 எண் கோல், 7 முதல் 8 அடி (எண் கூடினால் கோலும் அதற்கேற்ற லைனும் கனமானவை). பாஸ், கெளுத்தி, கெண்டை என்றால் 6 எண், 9 அடி. மிதக்கும் லைன் போதும். லைனையும் ஃபிளையையும் இணைக்கும் லீடர் நரம்பு 7 முதல் 9 அடிக்குள் இருக்கட்டும்.

டிப்பெட்டின் எக்ஸ் எண்ணுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் நரம்பின் தடிமன். 4 எக்ஸ் என்றால் 0.007 அங்குலம், ஏறத்தாழ 0.18 மி.மீ. புளூகிலுக்கு இது சரியானது. கிளைகளுக்கு நடுவே பாஸ் பிடிப்பதானால் 1 எக்ஸ் அல்லது 0 எக்ஸுக்குப் போய்விடுங்கள். மிதக்கும் புழுவுக்கு நைலான் நரம்பே நல்லது. ஃபுளோரோகார்பன் நரம்பு நீரைவிட வெகுவாக அடர்த்தியானது, அதனால் ஃபிளையையும் கீழே இழுக்கும்.

தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் எப்படி வீசுவது?

தலைக்கு மேல் வீசும் பழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும். கோலைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் வீசினால் லைனின் வளையம் நீருக்குச் சற்று மேலே தாழ்வாக ஓடிக் கிளைக்கு அடியில் நுழையும். பின்னால் இடமே இல்லை என்றால் உருட்டு வீச்சு: லைனை நீரில் மெல்ல இழுத்து, கோலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து, ஒரு கணம் நிறுத்தி, முன்னோக்கி அழுத்தமாக அடித்தால் லைன் நீர்மேல் சுருண்டு விரியும்.

மிக நெருக்கமான புதரில் வில்வீச்சு உதவும். ஃபிளையின் வளைவைப் பின்னாலிருந்து விரல்களால் பிடித்து, முள்ளின் நுனி விரல்களை விட்டு விலகி இருப்பதை உறுதிசெய்து, கோல் வில்லாக வளையும்படி இழுத்து விடுங்கள். சில அடி தூரம்தான் போகும், ஆனால் வேறு யாரும் வீச முடியாத இடத்தில் விழும்.

கெளுத்தியும் புல் கெண்டையும் ஃபிளையை எடுக்குமா?

கெளுத்திக்கு உடல் முழுவதும் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. மோப்பத்தையும் சுவையையும் நம்பி வாழும் மீன் அது. ஃபிளையில் வாசனை இல்லை, அதனால் கலங்கிய ஆழத்தில் அதைத் தேடி ஃபிளை போடுவது பெரும்பாலும் வீண். ஆனால் புழு உதிரும் மரத்தடியில், தெளிந்த ஆழமற்ற நீரில், கெளுத்தி மேலே வந்து கண்ணால் பார்த்து எடுக்கும் நேரங்கள் உண்டு. அங்கே முயலுங்கள்.

புல் கெண்டை முக்கியமாகத் தாவர உண்ணி, மிகவும் கூச்சம் உள்ளது. முசுக்கட்டைப் பழம் உதிரும் மரத்தடியில் அது பழத்துக்காகக் காத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் 'டப்' என்று விழும் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும், அது கருநிறப் புழுவாக இருந்தாலும். ஃபிளை வாய்க்குள் முழுவதும் போய் வாய் மூடும் வரை காத்திருக்க வேண்டும். மேலே எழும்பும் உதட்டைக் கண்டவுடன் கோலை உயர்த்தினால் ஃபிளை வெறுமனே வெளியே வந்துவிடும்.

உண்மையான புழுவைத் தொட்டுப் பார்க்கலாமா?

வழவழப்பான பச்சைப் புழுக்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. முடியும் முள்ளும் உள்ளவற்றை இலையோடு சேர்த்துப் பாருங்கள், கையால் எடுக்க வேண்டாம். சில இனங்களின் முடிகளில் நஞ்சு உண்டு. அரிப்போடு போனால் நல்லது, சில கடுமையான வலியையே கொடுக்கும்.

பிடித்த மீனைத் திரும்ப விடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வெப்பத்தை. 10 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரையாகக் குறைந்துவிடும். வெதுநீர் மீன்கள் இதற்குப் பழகியவைதான், என்றாலும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அவையும் திணறுகின்றன. தேவைக்குமேல் மெல்லிய நரம்பைக் கட்டி மீனை இழுத்தடிப்பது திறமையல்ல, கொடுமை. கையை நனைத்துக்கொள்ளுங்கள், முள்ளின் எதிர்முள்ளை (மீன் நழுவாமல் தடுக்கும் சிறு கூரை) இடுக்கியால் முன்பே நசுக்கிவிடுங்கள், மீனை நீருக்குள்ளேயே வைத்து விடுவியுங்கள். புளூகிலின் முதுகுத்துடுப்பு குத்தும், தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி மடக்கிப் பிடியுங்கள். அதன் வாய் சிறியது, புழுவை ஆழமாக விழுங்கிவிடும். நீளத் தண்டு முள்ளை நான் வற்புறுத்துவது அதனால்தான்: பிடித்துத் திருப்ப இடம் கிடைக்கும்.

நீர் 20 டிகிரியைத் தாண்டியதும் புளூகில்கள் கரையோரம் வட்டக் குழிகளாகக் கூடு அமைத்து, ஆண்மீன்கள் முட்டையைக் காவல் காக்கும். கூட்டின் மேல் விழும் எதையும் அவை தாக்கும். அங்கே பிடிப்பது எளிது, ஆனால் காவல் போன கூட்டை மற்ற மீன்கள் சூறையாடிவிடும். மரத்தடி இருக்கும்போது கூட்டை விட்டுவிடலாம்.

ஃபிளை இலையில் சிக்கிக்கொண்டால்?

வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதலில் லைனைத் தளர்த்தி, கோலின் நுனியை லேசாக ஆட்டுங்கள். இலையின் மேல் கிடக்கும் ஃபிளை பல நேரங்களில் தானாக நழுவி நீரில் விழும். கிளையிலிருந்து நழுவி விழும் புழு இப்படித்தான் விழுகிறது என்பதால், அந்த நொடியிலேயே மீன் எடுப்பதும் உண்டு. தயாராக இருங்கள்.

உறுதியாக மாட்டியிருந்தால் கோலை வளைத்து இழுக்க வேண்டாம், கோல் முறியும் அல்லது ஃபிளை முகத்தை நோக்கிப் பாயும். கோலை ஃபிளைக்கு நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, லைனைக் கையால் நிதானமாக இழுங்கள். நரம்பு அறுந்தால், கிளை எட்டும் தூரத்தில் இருக்கும்போது போய் அதை எடுத்துவிடுங்கள். அந்தப் புழுக்களைத் தின்ன அதே கிளைக்குப் பறவைகள் வருகின்றன. தொங்கும் நரம்பு அவற்றின் காலிலும் சிறகிலும் சுற்றிக்கொள்ளும்.